பாக்கி ஒரு கதவு

வைத்தி இரண்டு விஷயங்களுக்குப் பயப்படுவார். ஒன்று, பேய். இரண்டு, பேய் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று சொல்பவர்கள். நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை மாலை, மயூர் விஹாரில் சிஸ்டர் அமலியின் ஹாலில், இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டன.

வெளியே தில்லியின் புகை ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து நின்றிருந்தது. எதிர் பிளாக் தெரியவில்லை. வைத்தி வழக்கம்போல் ஓசிக் காப்பிக்கு வந்திருந்தார். மத்திய சர்க்காரில் செக்ஷன் ஆபீசராக இருந்து, வந்த கோப்பிலெல்லாம் ‘மேலும் விசாரிக்கவும்’ என்று எழுதியே ஓய்வு பெற்றவர். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு அமலிக்குத் தன்னைத் தானே உதவியாளராக நியமித்துக்கொண்டிருந்தார். அமலி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்தவர், தூத்துக்குடிக்காரர். காணாமல் போன வளையல் முதல் லிஃப்டில் ஒட்டப்பட்ட மொட்டைக் கடுதாசி வரை, சொசைட்டியில் எது நடந்தாலும் அவரிடம்தான் வரும். காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல் பொறுமையாகப் பார்த்து, கடைசியில் நோய் இன்னதென்று சொல்லிவிடுவார்.

மணி அடித்தது. மூன்றாவது மாடி சுபாஷிணி. முகக்கவசத்தைக் கழற்றி, கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“மாமாவும் இருக்கேளா, நல்லதாப் போச்சு. சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது.”

“உக்காரும்மா. மொதல்ல ஒரு வாய் காப்பியக் குடி. பொறவு சொல்லு.”

அவள் காப்பியைத் தொடவில்லை.

“அவரோட வண்டியை யாரோ வாக்ஸ் போட்டுத் துடைக்கறா.”

வைத்தி காப்பி டபராவைக் கீழே வைத்துவிட்டார். ‘அவர்’ என்றால் கிருஷ்ணபிரசாத். ஏப்ரலில், ஆபீஸ் நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அவருடைய கறுப்பு ஜப்பான் கார், தில்லி சாலையில் ஓட வயது முடிந்துபோய், கட்டடத்துக்கு அடியில் பம்ப் அறைக்குப் பின்னால் கவர் போட்டு நிற்கிறது. ஊருக்கு அனுப்புவதாக இருந்தார். அதற்குள் அவரே போய்விட்டார்.

“அந்தக் கறுப்புப் பெயிண்ட் ரொம்ப மெத்துன்னு சொல்லுவார். உத்துப் பார்த்தாலே கீறல் விழும்பார். வாட்ச், மோதிரம், பெல்ட் எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டுத்தான் பக்கத்துல போவார். சுத்திச் சுத்தித் தேய்க்கவே கூடாது. முன்னாலேர்ந்து பின்னால, நேர்கோடா. பொண்ணு மேதாவைக்கூடத் தொட விடமாட்டார்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “நான் சனிக்கிழமை சனிக்கிழமை போய் கவரைத் தூக்கிப் பார்ப்பேன். சும்மா, பார்க்கணும்போல இருக்கும். ஆயுத பூஜைக்கப்பறம் ஒரு நாள் பார்த்தா, பானட் கண்ணாடி மாதிரி இருக்கு. அந்தத் தேங்காய் வாசனை, அவர் போடற வாக்ஸோட வாசனை. நேர்கோடு. அடுத்த வாரம் இடது பக்கம். அப்பறம் கூரை, டிக்கி. போன சனிக்கிழமை வலது பக்கமும் ஆயிடுத்து. ஒரே ஒரு கதவு பாக்கி.”

“எந்தக் கதவு?” என்றார் அமலி.

“ஓட்டறவர் கதவு. அதுக்கு முன்னாலயும் பளபள, பின்னாலயும் பளபள. நடுவுல அது மட்டும் தூசியோட நிக்கறது.”

அதுவும் முடிந்ததும் வண்டிக்காரர் ஏறி உட்கார வேண்டியதுதானே என்று வைத்திக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லிவிடும் வழக்கம் அவருக்கு உண்டு. நல்லவேளை, நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

“பேய்னு நினைக்கலை சிஸ்டர். பேயா இருந்தாத்தான் தேவலை.” அவள் குரல் இறங்கியது. “டிக்கி சாவி எங்கிட்டதான் இருக்கு. வாக்ஸ் டப்பா டிக்கிலதான் இருக்கு. எனக்குத்தான் அவர் தேய்க்கற விதம் தெரியும். நான் தூக்க மாத்திரை போட்டுக்கறேன். நானே எழுந்து போய்ப் பண்றேனோ என்னமோ. தூக்கத்துல படியிறங்கிப் போறவ, தூக்கத்துல கேஸைத் திறந்து விட்டுட்டா? பக்கத்துல ஒன்பது வயசுக் குழந்தை படுத்துண்டிருக்கு. அதான் மாதவை வரச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து மேதாவைத் திருச்சிக்கு அழைச்சுண்டு போறான். என்ன காரணம்னு அவன்கிட்ட சொல்லலை.”

மாதவ், கிருஷ்ணபிரசாத்தின் தம்பி. மேதா போய்விட்டால் அந்த வீட்டில் சுபாஷிணியும் மாத்திரை டப்பாவும்தான் மிச்சம்.

“வேற யாருகிட்டயும் சொன்னியா?”

“இல்லை.”

“சொல்லாத. நாளைக்குக் காலைல வண்டியப் பாப்போம்,” என்றார் அமலி. “வைத்தி சாரும் வருவாரு.”

வைத்திக்கு நாளைக்குக் காலையில் பல் வலி வருவதாக இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் பல் வலி தானாகச் சரியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை தூண்களுக்கு நடுவிலும் புகை புகுந்திருந்தது. பம்ப் திடீரென்று உறுமி ஓடத் தொடங்கியதும் வைத்தி அமலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பின்பக்கத்தைக் காவல் காப்பதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

சுபாஷிணி கவரைப் பின்னுக்குத் தள்ளினாள். உள்ளிருந்து கறுப்பு வெளியே வந்தது. குளிரில் ஊறிய, அடி தெரியாத கறுப்பு. அதற்குள் ஒரு கிழவன் நின்று வைத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது தன் பிம்பம்தான் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் ஆனது. தேங்காய் வாசனை மெல்ல எழுந்தது. செத்துப்போன ஒரு மனிதனின் ஞாயிற்றுக்கிழமை வாசனை.

அமலி டார்ச்சை பானட்டுக்குப் படுக்கையாகப் பிடித்தார். மேலே பளபளப்பு, அதற்கடியில் நடுவில் மூன்று இடங்களில் முடியைவிட மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக.

“வட்டமா?” என்றாள் சுபாஷிணி. “அவர் இப்படித் தேய்க்கவே மாட்டாரே.”

அமலி குனிந்தார். பானட் நுனியில் கம்பெனி முத்திரை பதிந்த இடத்தின் இடுக்கில் வெளிச்சம் போனது. அங்கே உலர்ந்த சிவப்பு, ஒரு கோடு.

“ரத்தம்!” என்றார் வைத்தி. குரல் கீச்சென்று வந்ததில் அவருக்கே வெட்கமாக இருந்தது.

“வைத்தி சார், உங்க வீட்டுல எலுமிச்சம்பழம் இருக்கா?”

அப்பாடா, சிஸ்டரும் கடைசியில் திருஷ்டி கழிக்கிற வழிக்கு வந்துவிட்டார் என்று, மனைவி ருக்மிணியிடமிருந்து பழத்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். மூன்று தடவை சுற்றக் கையைத் தூக்கியவரிடமிருந்து அமலி அதைப் பிடுங்கி, நகத்தால் கீறினார். சிவப்பைப் பஞ்சுக் குச்சியில் ஒற்றி எடுத்து, அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். பஞ்சிலிருந்த சிவப்பு கண் முன்னே மஞ்சளாகிப்போனது.

“ரத்தம் இப்படி மாறாது. அத நான் எம்புட்டோ பாத்திருக்கேன்,” என்று குச்சியைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். “டிக்கியத் தொறம்மா.”

சுபாஷிணி சாவியைப் போடக் கை வராமல் நின்றாள். அமலியே வாங்கித் திறந்தார். நாலாக மடித்த மஞ்சள் துணிகள். பக்கத்தில் தகர டப்பா. மூடி இரண்டு முறை வழுக்கியது, மூன்றாவது முறை முனகிக்கொண்டு வந்தது. உள்ளே வாக்ஸ், கோடையில் ஏரி வற்றியதுபோல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அமலி அதைப் பார்த்தார், மூடினார். முகத்தில் ஏதோ ஒரு இளக்கம்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். வைத்தி அரை அடி எழும்பி இறங்கினார். சொசைட்டி செயலாளர் ஜெயசீலன், தூணை உள்ளங்கையால் தட்டிக்கொண்டு நின்றார். நாலு விரலில் நாலு மோதிரம். தூணில் டங்கென்று ஒலி.

“இந்தப் பழைய இரும்ப எப்பம்மா எடுப்பீங்க? என் எலெக்ட்ரிக் வண்டிக்கு இந்த இடம்தான் தோதா இருக்கு. நல்லபடியாச் சொல்றேன், பின்னால வருத்தப்படாதீங்க.”

“ஜெயசீலன், மொதல்ல மோதிரத்தைக் கழட்டிட்டுத் தட்டுங்கோ. தூண் விழுந்துடப்போறது,” என்றார் வைத்தி.

“அது கழண்டு வருசக் கணக்காச்சு சார். விரல் ஊதிப்போச்சு. தட்டான் ரம்பத்தோட வந்தாத்தான் உண்டு.” சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போன வழியில் பேராசிரியர் இளஞ்செழியன் பால் பாத்திரத்துடன் வந்தார். பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர். சாமி இல்லை, பேய் இல்லை, சகுனம் இல்லை என்று லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடமெல்லாம் நிரூபிப்பார். கிருஷ்ணபிரசாத்தும் அவரும் இருபது வருஷம் சண்டை போட்ட சிநேகிதர்கள்.

“என்ன ஐயரே, ஓடாத வண்டிக்கு ஜாதகம் பாக்கறீங்களா?” என்றவர், அமலியின் டார்ச் வெளிச்சம் பானட்டின்மேல் விழுவதைப் பார்த்தார். “சரி சரி, வேலை இருக்கு,” என்று பால் வாங்காமலே திரும்பிப் போனார்.

“ஜெயசீலன்தான்,” என்றார் வைத்தி, அமலியின் ஹாலுக்குத் திரும்பியதும். “இடத்துக்காக அந்தப் பொண்ணைப் பயமுறுத்தறான். எழுதி வெச்சுக்கோங்கோ. ரத்தம் இல்லேன்னா அந்தச் சிவப்பு என்ன?”

“குங்குமம். மஞ்சள்ல செஞ்ச நல்ல குங்குமம்னா எலுமிச்சை பட்டா மஞ்சளாயிரும். யாரோ அந்த வண்டிக்கு ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சிருக்காவ.”

“சான்ஸே இல்லை!” வைத்தி எழுந்தே விட்டார். “அந்தாத்துக்கு வருஷாப்திகம், அதான் முதல் வருஷத் திவசம், முடியற வரைக்கும் பண்டிகை கிடையாது. வண்டிக்கும் கிடையாது. எங்கள்ல சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பூஜை அன்னிக்குக் கீழே சுண்டல் கொடுக்கறச்சே நானே எல்லாருக்கும் உரக்கச் சொன்னேனே, அந்த வண்டிக்கு யாரும் பொட்டு கிட்டு வெச்சுடாதீங்கோ, போன ஆத்மாவுக்கு ஆகாதுன்னு. இளஞ்செழியன் கூடக் கேட்டுண்டிருந்தான். சுண்டலை அப்படியே வெச்சுட்டுப் போயிட்டான். பகுத்தறிவுக்குக் காரம் ஜாஸ்தி போலிருக்குன்னு நினைச்சுண்டேன்.”

அமலி காப்பி ஆற்றுவதை நிறுத்தினார்.

“வேற என்ன வைத்தி சார்? நம்ம புரொபசரப் பத்தி.”

“அவனைப் பத்தி என்ன இருக்கு? இப்பல்லாம் பெல்ட்டே போடறதில்லை. செவ்வாய்க்கிழமை காலேஜ் கிடையாதோன்னோ, மத்தியானம் லிஃப்டில ஏறறான், ஒரு கையால பேண்ட்டைப் பிடிச்சுண்டு. வாட்சும் இல்லை. மணி என்னன்னு என்னைக் கேக்கறான். அரே பையா, கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச், குளிக்கறச்சேகூடக் கழட்டமாட்டானே, வயசானா இப்படித்தான் ஆகும்போல…” வைத்தி தானாகவே நிறுத்தினார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத்தான் கடைசியில் புரியும். இம்முறையும் பாதிதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சுபாஷிணியின் ஹாலில் மேதாவின் பெட்டி கட்டி வைத்திருந்தது. பொம்மை ஒன்றின் கை ஜிப்பில் மாட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தையை ருக்மிணி தன் வீட்டுக்கு அழைத்துப்போயிருந்தாள். மாதவ் டிக்கெட்டும் கையுமாக ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தான். அமலி கூப்பிட்டு ஜெயசீலனும் இளஞ்செழியனும் வந்திருந்தார்கள். இளஞ்செழியன் ஜன்னல் ஓரம் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமலி எதையும் மறைக்காமல், சுபாஷிணி சொன்னதையெல்லாம் சொன்னார். தூக்க மாத்திரை, மேதா, திருச்சி எல்லாம்.

“மன்னி!” என்றான் மாதவ். “இதுக்காகவா?”

ஜன்னலோரம் நின்றவர் சட்டென்று திரும்பினார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

“மொதல்ல சுபாஷிணி,” என்றார் அமலி. “தூக்கத்துல போய்ச் செஞ்சிருந்தா டிக்கியில இருக்க டப்பாவத்தான் எடுத்திருக்கணும். அந்த டப்பா காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. மாசக் கணக்குல அதுல விரல் படல. வண்டியில இருக்கது வேற டப்பா மெழுகு. இந்தப் பிள்ளகிட்ட வேற டப்பா இல்ல. நீ எழும்பிப் போகவே இல்லம்மா. நீ உன் கட்டில்லதான் கெடந்து உறங்கியிருக்க.”

சுபாஷிணி இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. வைத்தி அவசரமாகக் கூரை விசிறியை ஆராய்ந்தார்.

“பொறவு பேய். பிரசாத் சார் வட்டமாத் தேய்க்க மாட்டாரு. பானட்டுல வட்டக் கீறல் இருக்கு, குங்குமம் இருக்கு. யாரோ பூசை அன்னிக்குப் பொட்டு வச்சு, உடனே பதறிப்போயி, காஞ்ச துணியால அரக்கித் துடைச்சிருக்காவ. மெத்துக் கறுப்பு, தாங்கல. அந்தக் கீறல மறைக்க மெழுகு போட்டாவ. பானட் மட்டும் பளபளன்னு நின்னா வித்தியாசம் தெரியும்லா? அதான் ஒவ்வொரு பக்கமா.”

“பொட்டு வெச்சது யாரு?” என்றான் மாதவ்.

“துட்டி வருசத்துல அந்த வண்டிக்குப் பொட்டு வைக்கக் கூடாதுன்னு வைத்தி சார் மாதிரி ஆளுகளுக்கு எல்லாம் தெரியும். அவிய அந்தத் தப்பச் செய்யவே மாட்டாவ. சடங்கு சாத்திரம் தெரியாத ஒருத்தர்தான் செய்ய முடியும். அப்படிப் பாத்தா இங்க நானு, ஜெயசீலன், புரொபசரு.”

“நான் எதுக்குங்க பொட்டு வைக்கப் போறேன்? ஃபாதரக் கூட்டிட்டு வந்து மந்திரிப்பேன்,” என்றார் ஜெயசீலன்.

“ஒங்கள நான் சொல்லவே இல்ல. அந்த நாலு மோதிரத்தோட அந்தக் கறுப்பத் தேய்ச்சிருந்தா உழுத வயலு மாதிரி ஆயிருக்கும். தேய்ச்சவரு பிரசாத் சார் சொல்லிக் கொடுத்தபடி, வாட்சையும் பெல்ட்டையும் கழட்டி வச்சுட்டுப் போனவரு. செவ்வாக்கெழம மத்தியானம், எல்லாரும் ஆபீஸ் போனப்பொறவு.” அமலியின் குரல் வார்டில் பேசுவதுபோல் தணிந்தது. “சுண்டலக் கீழ வச்சுட்டு எங்க ஓடுனிய, புரொபசர்?”

பம்ப் ஓடும் சத்தம் கீழிருந்து கேட்டது.

“வண்டிக்குத்தான்,” என்றார் இளஞ்செழியன். “வருசா வருசம் அவன் என்னைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ப் பக்கத்துல நிக்க வைப்பான். நான் கிண்டல் பண்ணிட்டே நிப்பேன். அவன் பொட்டு வைப்பான், நான் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கணும், அதான் ஒப்பந்தம். இந்த வருசம் எல்லா வண்டியும் பூவும் பொட்டுமா நிக்குது, இது மட்டும் மூலையில முக்காடு போட்டுட்டு… மனசு கேக்கலை. யாரும் பாக்காம வச்சேன். சுண்டலுக்கு மேல வந்தா ஐயரு சொல்றாரு, ஆத்மாவுக்கு ஆகாதுன்னு.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நான் நம்பறவன் இல்லை. உங்களுக்கே தெரியும். ஆனா அந்த நேரத்துல பயந்துட்டேன். அவனுக்கு நானே ஏதோ கெடுதல் பண்ணிட்ட மாதிரி. ஓடிப்போய்க் கைக்குட்டையால துடைச்சேன். டார்ச் அடிச்சுப் பாத்தா கீறல். அவன் உசிரோட இருந்திருந்தா கொன்னிருப்பான். நாங்க ரெண்டு பேரும் சேந்து வாங்கின டப்பா ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. நீ பயப்படுவேன்னு சத்தியமா நினைக்கலைம்மா. சனிக்கிழமை வந்து பாக்கிறேன்னே எனக்குத் தெரியாது. பகுத்தறிவு பேசறவன் பொட்டு வச்சேன்னு வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான்.”

உரக்கப் பேசும் தன் வாயைப் பற்றி வைத்திக்கு ஒரு கருத்து உருவாகிக்கொண்டிருந்தது. அது நல்ல கருத்தாக இல்லை.

“அந்தக் கதவு?” என்றாள் சுபாஷிணி. “அதை ஏன் விட்டுட்டேள்?”

“மூணு தடவை துணியை எடுத்துட்டுப் போனேன். முடியலைம்மா. நான் எப்பவும் அவனுக்கு அடுத்த சீட்லதானே உக்காருவேன். அந்தப் பக்கம் போய்க் குனிஞ்சா, கண்ணாடிக்கு உள்ள அவன் இருந்து, ‘நேராத் தேய்டா’ன்னு சொல்வானோன்னு…” சிரிக்க முயன்றார். “இல்லைன்னு தெரியும். சொல்லமாட்டான்னு தெரிஞ்சதுதான் பயம்.”

சுபாஷிணி எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியின் ஜிப்பைத் திறந்து பொம்மையின் கையை விடுவித்தாள். “மாதவ், டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு,” என்றாள். பிறகு வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “வாங்கோ, புரொபசர். டப்பாவை எடுத்துண்டு வாங்கோ.”

கீழே புகை கொஞ்சம் விலகியிருந்தது. இளஞ்செழியன் பெல்ட்டையும் வாட்சையும் கழற்றி ஜெயசீலனின் மோதிரக் கையில் கொடுத்தார். வண்டியிலிருந்து நாலடி தள்ளி நிற்கும்படி ஜெயசீலனுக்கு உத்தரவு. சுபாஷிணி ஈரத்துணியால் தூசியை ஒற்றி எடுத்தாள். மெழுகைப் பூசி, வெளுக்கும் வரை பொறுத்து, இருவருமாக முன்னிருந்து பின்னால் இழுத்தார்கள். பேராசிரியரின் கை ஒரு முறை வளைந்தது.

“நேரா,” என்றாள் சுபாஷிணி.

அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நேராகத் தேய்த்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.

“வருஷம் முடியட்டும்,” என்றாள் அவள், துணியை நாலாக மடித்தபடி. “அடுத்த பூஜைக்கு நீங்களே பொட்டு வைங்கோ. பானட்ல வேண்டாம். அவர் கண்ணாடிலதான் வைப்பார்.”

“ஆமாம்ல,” என்றார் இளஞ்செழியன். “இத்தனை வருசம் பக்கத்துல நின்னேன். கிண்டல் பண்றதுல இருந்துட்டு, எங்க வைக்கிறான்னு பாக்கலை.”

ருக்மிணியின் கையை உதறிவிட்டு மேதா ஓடி வந்தாள். தூணருகில் சட்டென்று நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், அப்பா பழக்கியிருந்தபடி. சுபாஷிணி அந்தக் கைகளைப் பிரித்து, துணியை உள்ளே வைத்தாள்.

வைத்தியும் உதவலாம் என்று தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கதவின் பக்கம் குனிந்தார். கறுப்பின் ஆழத்திலிருந்து ஒரு கிழட்டு முகம் கண்ணை உருட்டி அவரை நோக்கி வந்தது. “ஐயோ!” என்று பின்வாங்கியவர் இரு கைகளாலும் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அது நீங்கதான் வைத்தி சார்,” என்றார் அமலி. “நாங்கல்லாம் தெனமும் பாக்குதோம். ஒண்ணும் செய்யாது.”

மேதா சிரித்தாள். மெத்தென்ற அந்தக் கறுப்பில் அவள் முகமும் சிரித்தது.